கொள்ளுத்தாத்தா பெயரைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

'நாலு தலைமுறைக்கு முந்தைய பெயர்களை எழுதிவைப்பதால் யாருக்கு என்ன லாபம், வெட்டி வேலைதானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பெரியவர் நோட்டோடு பின்னாலேயே அலைகிறார் போலிருக்கிறது. எனக்கு அத்தை இருந்தார். அப்பாவுடைய அக்கா, மதுரை செல்லூரில் வீடு. 2019 மாசியில் போய்ச் சேர்ந்தார்.

கல்யாண வீட்டில் எல்லாரும் பந்திக்கு ஓடும்போது அத்தை மட்டும் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பழைய மொய் நோட்டுகளை இரவல் வாங்கி வந்து படிப்பார். ஊர், அப்பா பெயர், ஆள் பெயர் மூன்றும் ஒரே வரியில் அங்கேதான் கிடைக்கும். (இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மொய். அந்த ரசீது கொஞ்ச நாளில் வெளுத்து வெறும் தாளாகிவிடுகிறது. 5000 செய்த இடத்தில் 'நீங்க செஞ்சதா ஞாபகம் இல்லையே' என்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்ல? சரி, அதை விடுங்கள்.) கேத வீட்டில் ஒப்பாரி வைக்கிற கிழவி மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், 'ஆத்தா, இப்பச் சொன்னியே, அது எந்த ஊருக் கொழுந்தியா?' என்று ஆரம்பிப்பார். எனக்கு மானமே போகும்.

எங்கள் குலசாமி கருப்பு. அதனால் ஆணுக்கு ஆண் கருப்பையா, பெரியகருப்பன், சின்னக்கருப்பன்தான். தாத்தா பெயர் பேரனுக்கு வேறு வரும். பர்மாக்காரர், மாட்டுத்தரகு, ஒத்தைக் கடுக்கன் என்று பட்டப்பெயர் போட்டுத்தான் அத்தை தன் நோட்டில் பிரித்திருந்தார். 'தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பிள்ளை' என்றிருந்தால் 1876-க்குப் பக்கம். 'பெரியாத்துத் தண்ணி வந்த வருஷம்' என்றால் முல்லைப் பெரியாறு அணை திறந்த 1895.

கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு ஆண்கள் மட்டும்தான் இருப்பார்கள். அத்தையோ வாக்கப்பட்டு வந்தவள் பெயர், அவள் பிறந்த ஊர், அவளுடைய அம்மா பெயர் வரை எழுதினார். 'பொம்பளைகளச் சேத்தா நோட்டு பத்தாதுக்கா' என்று ஒரு சித்தப்பா சிரித்தார். 'இன்னொரு நோட்டு வாங்கிக்கிறேன். ஒன் காசா?' என்றார் அத்தை.

இதுவரை வெட்டி வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ரத்த வகை எழுதியிருக்கும். செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி நடக்கிற தூரம். யாரோ சொந்தக்காரருக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனவர், அப்புறம் அங்கேயே பழியாய்க் கிடந்தார். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வந்த சனம், ரத்தத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் திகைத்து நிற்கும். அத்தை நோட்டைப் பிரிப்பார். கடைசியாகக் கொடுத்த தேதியும் அதில் இருக்கும். மூன்று மாதம் ஆகாதவனைக் கூப்பிடவே மாட்டார்.

சாதிப் பெருமை பேசுகிறாய் என்று கமெண்டுக்கு வருகிறவர்களுக்கு: நோட்டின் பின்பக்கங்களில் எங்களுக்குச் சொந்தமே இல்லாதவர்கள்தான். கோரிப்பாளையத்து பாய் ஒருவர், தறி நெய்கிற சௌராஷ்டிர அண்ணன், இஸ்திரி போடுகிறவர். நெருங்கிய ரத்த சொந்தத்திடம் வாங்கி நேரே ஏற்றக் கூடாது என்று டாக்டர்கள் யாராவது எழுதுவீர்கள். தெரியும். நான் கொடுத்ததெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்குத்தான்.

எனக்கு பி நெகட்டிவ். நூறு பேரில் ஒன்றிரண்டு பேர் தேறினால் அதிகம். ஒரு சித்திரைத் திருவிழாவில், அழகரை மதுரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை ராத்திரி, தல்லாகுளத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறேன். அத்தையிடமிருந்து போன். 'மேலூர்ப் பிள்ளப்பா, பிரசவம், ரத்தம் நிக்கல.' வாய்க்கு வந்தபடி கத்தினேன். வருஷத்துக்கு ஒரு நாள் அழகரைப் பார்க்க விட மாட்டீர்களா என்றெல்லாம். கத்திக்கொண்டேதான் நடந்தேன். நெரிசலில் ஒரு செருப்பு போய்விட்டது, இன்னொன்றை நானே கழற்றி வீசினேன். அத்தை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சொம்பு நீர்மோரோடு நின்றார். என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு பெஞ்சிலேயே தூங்கிப் போனேன். விழித்தபோது அழகர் ஆற்றில் இறங்கி முடித்திருந்தார். தாயும் பிள்ளையும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாக அத்தைதான் பிறகு சொன்னார்.

நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி இரண்டு வருஷம் கேட்டார். தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு அத்தை மகள் அதை என்னிடமே கொடுத்தார். என் பெயரைத் தேடி எடுத்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், அம்மா பிறந்த ஊர், கொடுத்த தேதிகள் ஏழு. கீழே சிவப்பு மையில்: 'பி நெகட்டிவ். மொதல்ல வைவான். அப்பறம் வந்துருவான்.'