கோடை விடுமுறையும் புதிய வேலையும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். மகள் பிறந்தபோது விட்ட கணக்கர் வேலையை எட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடி, கடந்த மார்ச் மாதம் புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப ஏழாகிவிடுகிறது. இப்போது மகளுக்குக் கோடை விடுமுறை. கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. மாமியாருக்கு முழங்கால் வலி. பிள்ளையின் பின்னால் ஓட இயலாது. பண்ருட்டியில் இருக்கும் என் அம்மா, ‘ஒரு மாதம் இங்கே கொண்டுவந்து விடு’ என்கிறார். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் விடுப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ‘வேலையை விட்டுவிடேன்’ என்று வீட்டில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். என்ன செய்யட்டும்? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடாதீர்கள். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கிடைத்த வேலையைச் சில வார விடுமுறைக்காக விட்டால், அடுத்த முறை தேடும்போது அந்த இடைவெளி இன்னும் நீண்டிருக்கும். விடுமுறையோ ஆண்டுதோறும் வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, கணவரைக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதுதான். ஷிப்ட் வேலை என்பதாலேயே அவரைக் கணக்கில் சேர்க்க முடியும் என்று நினைக்கிறேன். வழக்கமான மூன்று ஷிப்டுகளை எடுத்துக்கொண்டால், காலை 6 மணி ஷிப்ட் இருக்கும் வாரத்தில் அவர் பிற்பகல் இரண்டரைக்குள் வீட்டில் இருப்பார். பிற்பகல் 2 மணி ஷிப்ட் வாரத்தில் ஒரு மணி வரை வீட்டில்தான் இருப்பார். இரவு ஷிப்ட் வாரத்தில் அவருக்குக் காலைத் தூக்கம் கட்டாயம் தேவை, ஆனால் மதியத்துக்குமேல் எழுந்துவிடுவார். ஆகவே எந்த வாரத்திலும் உங்களுக்குத் துணை தேவைப்படுவது அரை நாளுக்கு மட்டுமே. முழு நாளுக்கும் ஆள் தேடுவதால்தான் மலைப்பாக இருக்கிறது. அவருடைய ஷிப்ட் அட்டவணையை வாங்கி நாட்காட்டியில் குறியுங்கள். அந்த அரை நாளில் சமைத்து வைத்ததை எடுத்துப் பரிமாறுவதும், பிள்ளையைக் குளிக்கச் செய்வதும், அவளோடு உட்கார்வதும் அவர் உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல; அவள் அவருக்கும் மகள். இதை உங்கள் மாமியார் முன்னிலையிலேயே பேசிவிடுவது நல்லது.

மாமியாரையும் நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளையின் பின்னால் யாரும் ஓட வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவசரத்துக்குக் கூப்பிட்டவுடன் வர இன்னொருவர் இருக்கிறார் என்பதும் போதும். அந்த இன்னொருவர் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்தால், அவருக்கு ஒரு தொகை பேசி மாதக் கடைசியில் கையில் கொடுங்கள். தெரிந்தவருக்குப் பணம் கொடுப்பது அவமதிப்பு என்று நம் ஊரில் தயங்குகிறோம். ஊதியமில்லாமல் வாங்கிய உதவிதான் பத்து நாளில் முணுமுணுப்பாக மாறுகிறது. யார் வீட்டுக்கு அவள் தனியாகப் போகலாம், யாராவது தொட்டால் எப்படி மறுக்க வேண்டும், யாரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதை நீங்களே உட்கார்ந்து அவளுக்குச் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். கெடிலம் ஆற்றிலோ தேவனாம்பட்டினம் கடலிலோ குளிக்கப் போகும் பிள்ளைக் கூட்டத்தோடு பெரியவர் இல்லாமல் போகக் கூடாது என்பதில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம்.

பண்ருட்டிக்கு அனுப்புவதைப் பிள்ளையைத் தள்ளிவிடுவதாக எண்ணாதீர்கள். மே மாதத்தில் பலாப்பழ வாசனையோடு பாட்டி வீட்டில் இருப்பது எந்த முகாமிலும் கிடைக்காத ஒன்று. ஆனால் ஒரு மாதத்தை ஒரே மூச்சில் செலவழிக்காமல், கணவரின் இரவு ஷிப்ட் வாரங்களில் அனுப்பினால் அவருக்கும் தூக்கம் கிடைக்கும், அவளுக்கும் ஏக்கம் வராது. அண்ணா விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைப் பயிற்சி முகாம் போன்றவை நல்லவைதாம். எனினும் அவை காலையிலும் மாலையிலும் சில மணி நேரமே நடப்பவை. அழைத்துப் போகவும் கூட்டி வரவும் ஆள் இருக்கும் வாரத்தில் மட்டும் சேருங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காப்பகம் பற்றிச் சொன்னபோது ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையே கருதியது. பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளையைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது அதன் எண்ணமாக இருக்க வேண்டும். பள்ளி மூடும் மாதங்களை யாரும் நினைக்கவில்லை. அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் தாயின் தலையில் இறங்கிவிட்டது. நீங்கள் படும் திணறலை உங்கள் திறமைக் குறைவு என்று கொள்ளாதீர்கள்.

கோடையைவிட எனக்குக் கவலை தருவது மழைக்காலம். கோடை விடுமுறை முன்கூட்டியே தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறையைக் கடலூர் மாவட்ட ஆட்சியர் முந்தைய இரவிலோ அன்று காலையிலோதான் அறிவிப்பார், உங்கள் புதுச்சேரி அலுவலகம் அன்றும் திறந்திருக்கலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின், தென்பெண்ணை வெள்ளத்தில் நம் பகுதி எப்படித் தவித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே கிடைக்கும் தற்செயல் விடுப்பை மே மாதத்திலேயே தீர்த்துவிடாமல், முடிந்தவரை மழை நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளரிடம் பேசக் கூச்சப்படாதீர்கள். ஆனால் கையில் திட்டத்தோடு போங்கள். ‘பிள்ளைக்கு விடுமுறை, என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்று சொன்னால் அவருக்கும் தெரியாது. ‘மே மாதம் முழுவதும் வேலைக்கு வருகிறேன், இந்த இரண்டு வாரங்களில் மட்டும் அரை மணி முன்னதாக வந்து முன்னதாகப் புறப்பட அனுமதி வேண்டும், மழை விடுமுறையன்று கணக்கு வேலையை வீட்டிலிருந்து செய்ய இயலுமா’ என்று தேதிகளோடு எழுதிக் கொடுத்தால், அவர் முடிவு சொல்வது எளிது. மறுத்தால்கூட உங்களுக்கு இழப்பில்லை. இந்த வாரமே கேளுங்கள். அதே வாரத்தில் உங்கள் கணவரும் தம் மேற்பார்வையாளரிடம் ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கட்டும்.

அன்புடன்.