அம்மாவின் அறைச் சன்னல்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்டினோம். அம்மாவுக்குப் பின்பக்கத்து அறை; ஏசியும் போட்டுக் கொடுத்தேன். அக்கா மகள் கூடப் படுத்துக்கொள்வாள். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே சன்னலை அடைத்துவிடுவோம். கொஞ்ச நாளாக அம்மா யாரோடும் பேசுவதில்லை. பேசினால் எரிந்து விழுகிறார். விடிந்தால் தலைவலி. மனசு சரியில்லாதவர்களை அழைத்துப்போகிற ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வீட்டுக் காற்று கெட்டால் மனமும் கெடும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா, காற்று சுத்தம் பண்ணும் மெஷின் விற்கிற தந்திரமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

தந்திரமும் உண்டு, உண்மையும் உண்டு. மெஷினை இப்போதைக்கு விடுங்கள்.

ஏசி ஓடினால் புதுக் காற்று வருகிறது என்று பலருக்கு ஒரு நினைப்பு. வீடுகளில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி அறையின் சூட்டைத்தான் வெளியே தள்ளும். உள்ளே சுற்றுவது அதே பழைய காற்று. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. அடைத்த அறையில் இரண்டு பேர் படுத்தால் விடிவதற்குள் அது 2000ஐ எளிதில் தாண்டும். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் சோதித்து 2016இல் எழுதினார்கள்: காற்று மாறிய அறையில் நல்ல தூக்கம், மறுநாள் தெளிவு. தூக்கம் கெட்டவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்க்கலாமா?

கொசுவத்தி பற்றி நீங்கள் சொல்லவில்லை, இருக்கும். ஒரு சுருள் எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்கிறது 2003இல் வந்த ஓர் ஆய்வு. எங்கள் வீட்டிலும் காலையில் கட்டிலடியில் சாம்பல் சுருள் உடையாமல் கிடக்கும். காலால் தள்ளிவிட்டுப் போவேனே தவிர, மிச்சமெல்லாம் எங்கே போயிற்று என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு காலத்தில் தொண்டியில் வாடகைக்கு இருந்தோம். முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து நிற்கும். விரல் பட்டால் மாவாக உதிரும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் மடித்து வைத்த சட்டையிலும் அந்த வாடைதான். எத்தனை முறை சொல்லியும் வீட்டுக்காரர் ஒரு பூச்சு வெள்ளையடித்ததோடு சரி. அந்த வீட்டில் நான் நாய் மாதிரி விழுந்து பிடுங்கினேன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

பிறகுதான் படித்தேன். ஐரோப்பாவில் 8 நகரங்களில் ஏறத்தாழ 6000 பேரிடம் எடுத்த கணக்கை வைத்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டுக்காரர்களிடம் மனச்சோர்வு கூடுதல். பூஞ்சையால் வரும் உடல் உபாதை ஒரு வழி. இன்னொன்று, வீடு தன் கைக்குள் இல்லை என்கிற எண்ணம். ஈரம்தான் சோர்வுக்குக் காரணம் என்று அந்தக் கணக்கு அடித்துச் சொல்லவில்லை; ஆனால் அந்த இரண்டாவது வழி என் மனதை விட்டுப் போகவில்லை.

உங்கள் அம்மா பழைய வீட்டில் எங்கே படுத்தார்? வாசலிலோ திண்ணையிலோ இருக்கும். அடிப்பது கச்சான் காற்றா வாடைக் காற்றா என்று படுத்தபடியே சொல்லியிருப்பார். இப்போது சன்னலைத் திறக்கவே உங்களைக் கேட்க வேண்டும். ஏசி ரிமோட் யார் கையில் இருக்கிறது?

சன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், ஏசிக்கு ஆகிற செலவில் கால்வாசிகூட ஆகாது. சுருளை நிறுத்துங்கள். அடுப்படிப் புகை வெளியேற ஒரு ஃபேன்.

காற்று ஒன்றே காரணம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதானவர் பேச்சைக் குறைத்தால் சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு எதுவும் இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. தர்காவுக்குப் போய் வருவதில் தப்பே இல்லை. வைத்தியத்துக்குப் பதிலாக அங்கே விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். 2001 ஆகஸ்டில் மனநோயாளிகளை வைத்திருந்த அந்த ஊர்க் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டிலை எங்கே போடலாம் என்று இன்று ராத்திரி அம்மாவையே கேளுங்கள். முன்வாசல் என்றால் முன்வாசல்தான். புது வீட்டைக் கட்டிவிட்டுத் தாயை வெளியே படுக்க வைத்திருக்கிறான் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும்.