வரி யார் கட்டுகிறார்கள், சலுகை யாருக்குப் போகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கம்பெனி வரியைக் குறைத்தார்கள். சாமான் வாங்கும்போது நாங்கள் கட்டும் வாட் வரியை ஏற்றப் பார்த்தார்கள். இது நியாயமா? (சாட்ஸ்வொர்த் வாசகி)

உங்கள் கோபம் புரிகிறது, அம்மா. ஆனால் கணக்கை முழுதாகப் பார்த்துவிட்டுக் கோபப்படுவோம். இங்கே தென்னாப்பிரிக்காவில் கம்பெனி வருமான வரி 28 சதவீதத்திலிருந்து 27 ஆனது உண்மை. 2023 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ முடியும் நிதியாண்டுகளுக்கு அது பொருந்தும். அதே சமயத்தில், பெரிய கம்பெனிகள் பழைய நஷ்டத்தைக் காட்டி லாபம் முழுவதையும் கழித்துக்கொள்ளும் வழியை அடைத்து, 80 சதவீதம் வரைதான் கழிக்கலாம் என்று ஆக்கினார்கள். அதாவது, குறைத்ததை அந்தப் பக்கத்திலிருந்தே ஈடுகட்டப் பார்த்தார்கள். அது சரியான வழி.

வாட் கதை வேறு. 2018 ஏப்ரலில் 14லிருந்து 15 சதவீதம் ஆனது. 2025 பிப்ரவரியில் 17 ஆக்கும் யோசனை வந்து, கூட்டணி அரசுக்குள்ளேயே ஒத்துக்கொள்ளாமல் பட்ஜெட்டே தள்ளிப்போனது. மார்ச்சில் அரை அரை சதவீதமாக இரண்டு வருடம் ஏற்றுவோம் என்றார்கள். ஏப்ரலில் அதையும் கைவிட்டார்கள். மீலி மாவு (மக்காச்சோள மாவு), அரிசி, பருப்பு, எண்ணெய், பால், முட்டை, காய்கறி இவற்றுக்கு வாட் கிடையாது என்பது பெரிய ஆறுதல். கோழிக்கு உண்டு, வெள்ளை ரொட்டிக்கும் உண்டு. ஏழை வீட்டுச் சமையலில் இந்த இரண்டும் இல்லாத வாரம் உண்டா? பணம் போதவில்லை என்றால் முதலில் சலுகைகளின் பட்டியலைத் திறக்க வேண்டும், ரொட்டியின் விலையை அல்ல.

எங்கள் பக்கத்து கார் தொழிற்சாலைக்கு அரசு பணம் கொடுக்கிறதாமே? அந்தப் பணத்தில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம்! (இசிபிங்கோ)

ப்ராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது மட்டுமல்ல, நாட்டின் கார் தொழில் முழுவதற்கும் 1995 முதல் ஏதோ ஒரு திட்டம் இருந்துவருகிறது. இப்போதுள்ளது 2035 வரை. இதில் பெரும்பகுதி கையில் கொடுக்கும் காசு அல்ல. இங்கே உற்பத்தி செய்யும் அளவுக்கு ஏற்ப இறக்குமதித் தீர்வையில் கழிவு கிடைக்கிறது. வசூலிக்காமல் விட்ட வரியும் செலவுதான். நிதி அமைச்சகம் இப்படி விட்டுக்கொடுத்த வரிகளை ஆண்டுதோறும் பட்ஜெட் ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் அச்சிடுகிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. படியுங்கள், ஐயா, உங்கள் எம்.பி.யிடமும் கேளுங்கள்.

நிறுத்திவிடலாமா என்றால், நான் இல்லை என்பேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, தெற்கு டர்பனில் எத்தனை வீடுகள் அதை நம்பியிருக்கின்றன என்று பார்த்தோம். ஆனால் சலுகை வாங்குகிறவர், பதிலுக்கு எத்தனை வேலை, உள்ளூரில் எவ்வளவு உதிரிபாகம் என்று கணக்குக் காட்ட வேண்டும். காட்டாத இடத்தில் வெட்ட வேண்டும்.

இளைஞர்களை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு வரி குறையுமா? (ஃபீனிக்ஸ்)

குறையும். 2014 ஜனவரியிலிருந்து உள்ள திட்டம். பொதுவாக 18 முதல் 29 வயது வரை, மாதச் சம்பளம் 7,500 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். முதல் 12 மாதம் அதிகபட்சம் மாதம் 1,500, அடுத்த 12 மாதம் 750. முதலாளி மாதாமாதம் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டிய தொகையிலிருந்து அது கழியும். பழைய ஆளை நீக்கிவிட்டு இளைஞரை வைத்தால் ஆளுக்கு 30,000 ரேண்ட் அபராதம். எல்லாச் சலுகைக்கும் இப்படி ஒரு நிபந்தனை வேண்டும் என்பதே என் ஆசை.

கம்பெனிகளுக்கு மானியம் கொடுப்பது இந்தக் காலத்து வழக்கமா? (டொங்காட் கல்லூரி மாணவி)

இல்லவே இல்லை, மகளே. நாம் இந்த மண்ணுக்கு வந்ததே அப்படித்தான். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆள் கொண்டுவரும் செலவுக்கு அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் அரசு ஆண்டுக்கு 10,000 பவுன் (ஆங்கிலேயப் பவுண்ட்) பொதுப் பணத்திலிருந்து கொடுத்தது. 1894ல்தான் அது நின்றது. மறு வருடமே, 1895ல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்று சட்டம். பிறகு பதினாறு வயதுப் பையன்களும் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளும்கூடக் கட்ட வேண்டியதாயிற்று. தோட்டத்துக்கு மானியம், கரும்பு வெட்டியவனுக்கு வரி! 1913ல் நம் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914ல்தான் அது ஒழிந்தது. அந்த வரிக்குப் பதிலாக நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாவது வந்ததா? அரசு கொஞ்சம் உதவ, மீதியைப் போட்டுப் பல பள்ளிகளை நம் சனங்களேதான் கட்டினார்கள். யாருக்குச் சலுகை, யாருக்குச் சுமை என்ற கேள்வி நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

முனிசிபாலிட்டி பில்லில் எல்லாவற்றுக்கும் வாட் உண்டா? (வெருலம்)

வீட்டு வரிக்கு இல்லை. தண்ணீர், மின்சாரத்துக்கு உண்டு.

கோவிலுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்குமா? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

திருவிழாவுக்கும் கோபுரத்துக்கும் கொடுத்தால் கிடைக்காது. அதே கோவில் ஏழைகளுக்குச் சோறு போடுவது, மருத்துவ உதவி, கல்வி போன்ற பணிகளுக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் வாங்கியிருந்தால், அந்தப் பணிக்குக் கொடுத்ததை உங்கள் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிக்கலாம். இதுவும் அரசு விட்டுக்கொடுக்கும் பணம்தான். அதனால் சோற்றுக்கு வந்த காசைக் கோபுரத்துக்குத் திருப்பக்கூடாது. கமிட்டிக்காரர்கள் தனிக் கணக்கு வைக்க வேண்டும். ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.