நாய்ச் சோற்றில் அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு 4 வயது, எடை 18 கிலோ. கறிக்கடையில் வாங்கும் கோழிக் கால், தலை, கழுத்தை வேகவைத்து, எலும்போடு சோற்றில் பிசைந்து போடுகிறோம். ஒரு மாதமாக முக்கி முக்கித்தான் வெளிக்குப் போகிறான். மலம் வெளுத்து, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கிறது. அரசாணிக்காய் போட்டால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நாங்கள் செய்யும் பொரியலிலேயே கொஞ்சம் எடுத்துப் போடலாமா?
(ஈரோட்டு வாசகர்)

பதில்: அரசாணிக்காய் போடலாம், பொரியல் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. 'வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் டாக்டர் போட்டேன்' என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. சாறு காயில் இறங்கியிருக்குமே!

தோல், விதை, நார் எடுத்துவிட்டு, உப்பு போடாமல் வேகவைத்து மசியுங்கள். ஒரு துண்டை நீங்களே வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்குப் போகட்டும். முதல் மூன்று நாள் ஒரு டீஸ்பூன். வயிறு ஒத்துக்கொண்டால் ஒரு டேபிள்ஸ்பூன், அப்புறம் இரண்டு. அதற்கு மேல் போனால் பேதியாகலாம்.

சரி, சுண்ணாம்புக் கட்டி என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் போடும் எலும்புதான். எலும்பு அதிகமானால் மலம் அப்படித்தான் வெளுத்து இறுகும். எலும்பைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு கூடவே அரசாணிக்காய் போட்டுப் பயனில்லை. வெந்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடையும், குடலைக் குத்தவும் செய்யும். இன்றோடு நிறுத்திவிட்டு, எலும்பில்லாத கறி போடுங்கள்.

ஆனால் எலும்பை நிறுத்தினால் கால்சியமும் நின்றுபோகும். சோற்றிலும் கறியிலும் அது மிகக் குறைவு. அரசாணிக்காயை நம்பியும் பயனில்லை, அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அவித்த முட்டையின் ஓட்டைக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, நாளைக்கு அரை டீஸ்பூன் சோற்றில் கலந்துவிடுங்கள். ஏறக்குறைய 1 கிராம் கால்சியம் கிடைக்கும், 18 கிலோ நாய்க்கு அது போதும். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் காயானாலும் ஓட்டுத்தூளானாலும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: அவன் முக்குவது மலத்துக்கா, சிறுநீருக்கா? தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு நாளாக மலமே போகாவிட்டாலும், வாந்தி, ரத்தம், வயிற்று உப்புசம் எது இருந்தாலும் உடனே போங்கள். எலும்பு அடைத்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை அரசாணிக்காயும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம்.