தமிழ்நாட்டில் ஏன் மேலவை இல்லை? மீண்டும் கொண்டுவர முடியுமா?

இருந்தது. பிரிட்டிஷ் காலத்து 1935 இந்திய அரசுச் சட்டப்படி 1937-இல் சென்னை மாகாணத்துக்கு இரண்டு அவைகள் வந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986 நவம்பர் 1 அன்று மேலவை கலைக்கப்பட்டது. இப்போது 234 பேர் கொண்ட பேரவை மட்டுமே. பெரும்பான்மைக்கு 118.

மீண்டும் கொண்டுவர வழி அரசமைப்பின் 169-ஆம் பிரிவு. பேரவைத் தீர்மானத்துக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. ஆளுங்கட்சிக்கு 118 பேர் மட்டும் இருந்து, எதிர்க்கட்சிகள் அனைவரும் எதிர்த்து வாக்களித்தால் தோற்றுவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. பிறகு நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் இயற்ற வேண்டும். தீர்மானம் அனுப்பினாலும் அதைச் செய்யும் கட்டாயம் அதற்கு இல்லை.

மேலவை, பேரவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆக அதிகபட்சம் 78: உள்ளாட்சிகள் 26, எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்போர் 26, பட்டதாரிகள் 7, ஆசிரியர்கள் 7, ஆளுநர் நியமனம் 12.

2010-இல் தி.மு.க. அரசின் தீர்மானத்தை ஏற்று நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. ஆனால் தேர்தல் நடப்பதற்குள் 2011-இல் ஆட்சி மாறியது, புதிய அ.தி.மு.க. அரசு அதைக் கைவிட்டது. சட்டத்தைவிட, இரண்டு கழகங்களின் இழுபறிதான் உண்மையான தடை.