ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் கேமில் ஸ்குவாட்களை (படைக் குழுக்களை) எப்படி நிர்வகிப்பது? பத்து வீரர்கள் இருந்தும் கோட்டை விழுகிறதே?

நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பது இது: பத்து ட்வார்ஃப்களை (கோட்டையில் வாழும் குள்ளர்களை) ஒரே ஸ்குவாடில் சேர்த்தீர்கள், இரும்புக் கவசம் கொடுத்தீர்கள், ஒரு வருஷம் பயிற்சியும் வைத்தீர்கள். எதிரி இனமான கோப்ளின்களின் முதல் முற்றுகையிலேயே எட்டுப் பேர் போய்விட்டார்கள். எங்கே தப்பு?

அந்தப் பத்தில்தான் தப்பு. நானும் அதே தப்பைச் செய்து இரண்டு கோட்டைகளை இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஸ்குவாடில் பத்துப் பேர் வரை சேர்க்க கேம் இடம் கொடுக்கிறது. இடம் இருக்கிறதே என்று நாமும் நிரப்பிவிடுகிறோம். ஆனால் பாரக்ஸில், அதாவது வீரர்கள் பயிற்சி செய்யும் அறையில், நடப்பதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் வாள் வீச்சைச் செய்து காட்டப்போவதாக நிற்பார். பார்க்க வேண்டியவர்களில் ஒருவர் குடிக்கப் போயிருப்பார், ஒருவர் தூங்குவார், இன்னொருவர் சாப்பாட்டு மேஜையில் இருப்பார். இவர் காத்திருப்பார். அவர்கள் வந்து சேரும்போது இவருக்குப் பசி வந்துவிடும். இப்படியே மாதங்கள் ஓடும். இரண்டு அல்லது மூன்று பேர் மட்டும் இருக்கும் ஸ்குவாடில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இல்லை. இருவரும் நேராக ஒருவரோடு ஒருவர் மோதிப் பழக ஆரம்பித்துவிடுகிறார்கள். கேடயம், விலகல், கவசம், ஆயுதம் எல்லாத் திறமையும் சேர்ந்து ஏறுவது அந்த மோதலில்தான். பத்துப் பேரை ஒரே ஸ்குவாடாக வைப்பதைவிட மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துப் பாருங்கள், ஒரே வருஷத்தில் வித்தியாசம் தெரியும். முதல் ஸ்குவாடுக்குப் படைத் தளபதி, மற்றவற்றுக்குத் தலைக்கு ஒரு கேப்டன். ஓரளவு சண்டை தெரிந்தவர்களைக் கேப்டனாக்கினால் மற்றவர்கள் அவரிடம் கற்றுக்கொள்வார்கள்.

பாரக்ஸுக்கான பகுதியை (ஸோன்) குறித்தால் மட்டும் போதாது. ஸ்குவாடை அதனோடு இணைத்து, பயிற்சிக்கான குறியையும் அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு, 'ஏன் சும்மா சுற்றுகிறார்கள்' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இடம் வாசலுக்கு உள்பக்கம், வாசலின் தூக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அட்டவணையில் ஓயாத பயிற்சியை எல்லோருக்கும் போடாதீர்கள். ஒரு ஸ்குவாடுக்கு மட்டும் அதைக் கொடுத்து, மற்றவர்களுக்குப் பயிற்சியும் ஓய்வும் மாறி மாறி வரும்படி வையுங்கள். அவர்களுக்கும் கோயில், குடி, குடும்பம் எல்லாம் வேண்டும். மனம் கெட்ட வீரன் கோப்ளினைவிட ஆபத்தானவன்.

இனி, உங்கள் எட்டுப் பேர் செத்த விதம். நீங்கள் கொல்லும் உத்தரவைக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த உத்தரவு வந்ததும் ஒவ்வொருவரும் இருக்கும் இடத்திலிருந்து தனித்தனியாக ஓடுவார்கள். பக்கத்தில் இருந்தவர் முதலில் போய்ச் சேருவார், தூங்கிக்கொண்டிருந்தவர் கடைசியில். வெளியே இருபது கோப்ளின்கள் கூட்டமாக நிற்கும், உங்கள் ஆட்கள் வரிசையில் ஒவ்வொருவராகப் போவார்கள். முதலில் பாலத்தைத் தூக்குங்கள். வெளியே சண்டைக்குப் போகும் ஸ்குவாடுகளை வாசலுக்கு உள்ளே ஒரே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கடைசி ஆள் தலைக்கவசத்தோடு வந்து நிற்கும்வரை கேமை ஓடவிட்டுக் காத்திருங்கள். அப்புறம் பாலத்தை இறக்கிக் கொல்லும் உத்தரவு கொடுங்கள். கோப்ளின்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். என் இரண்டாவது கோட்டையில் கோடரி வீராங்கனை ஒருத்தி இருந்தாள். நல்ல திறமை. உத்தரவு கொடுத்ததும் முதல் ஆளாக வெளியே ஓடினாள். அவளைக் கிளிக் செய்து பார்த்தபோதுதான் கவனித்தேன், கையில் ஆறு மாதக் குழந்தை. இந்த கேமில் ஒரு வயது ஆகும்வரை குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டே திரிவாள், போர்க்களத்துக்கும்தான். உடனே திரும்ப அழைத்தேன், அதற்குள் அம்புகள் வந்துவிட்டன. சண்டைக் குறிப்பில் ஒவ்வொரு வரியாக வந்தது: அம்பு கேடயத்தில் பட்டது, அம்பு தவறியது, அம்பு குழந்தையைத் தாக்கியது. அவள் பிழைத்தாள், நான்கு கோப்ளின்களையும் சாய்த்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அவளாக இல்லை. எண்ணங்கள் பக்கத்தைத் திறந்தால் அந்த நாள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. ஸ்குவாடிலிருந்து எடுத்து மது காய்ச்சும் வேலையில் போட்டேன். அன்றிலிருந்து, முற்றுகை அறிவிப்பு வந்ததும் கேமை நிறுத்தி வைத்து ஒவ்வொரு ஸ்குவாடாகப் பார்க்கிறேன். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அந்த வருஷம் படை கிடையாது. நீங்களும் இதைச் செய்யுங்கள், தயவுசெய்து.

கவசம் பற்றிச் சுருக்கமாக. இரும்புத் தாதுவும் சுண்ணாம்புக்கல், பளிங்கு மாதிரி இளக்கிக் கல்லும் (உலோகம் உருக்க உதவும் கல்) கரியும் இருந்தால் எஃகுக்குப் போங்கள். மார்புக் கவசம் ஒன்றுக்கே 3 உலோகக் கட்டி போகும் என்பதால் தலைக்கவசத்தையும் கேடயத்தையும் முதலில் முடியுங்கள். கேடயத்தை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மரக்கேடயம்கூட டிராகன் நெருப்பைத் தடுக்கும். வெள்ளி கிடைத்தால் வாள் செய்யாமல் போர்ச் சுத்தியல் செய்யுங்கள், கனம்தான் அங்கே வேலை செய்கிறது. சுரங்கம் தோண்டுபவர், மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர் இந்த மூவரையும் படையில் சேர்க்காதீர்கள். அவர்கள் வேலைக்கென்று ஒரு சீருடை இருக்கிறது, அது ஸ்குவாட் சீருடையோடு முட்டிக்கொள்ளும்.

வில்லாளிகளுக்கு அம்பு, அம்பறாத்தூணி, பயிற்சி இலக்கு மூன்றும் வேண்டும். அம்பு தீர்ந்தால் குறுக்குவில்லையே தடி மாதிரி தூக்கிக்கொண்டு ஓடி அடிபடுவார்கள். எனவே அவர்களை அரணுக்கு மேலேயே வையுங்கள்.

சரி, இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். நான் மொரீஷியஸில் இருக்கிறேன். ஊர் மதுரைப் பக்கம், வேலை எபேனில், வீடு காத்ர் போர்னில். ஜன்னலைத் திறந்தால் கோர் து கார்த் மலை. பிரெஞ்சில் காவல் நிலை என்று பொருள். தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க பிரெஞ்சுக்காரர்கள் அங்கே வைத்த காவல்படையால் வந்த பெயர். இன்று அதே மலைச் சரிவில் நம் முருகன் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறும். வீட்டுக்காரர் மகன் பள்ளியில் தமிழ் படிக்கிறான், சனிக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து இந்த கேமை ஆடுவான். ஒருமுறை கோட்டை வாசலில் மூன்று ஸ்குவாடையும் நிறுத்திவிட்டு நான் நிம்மதியாக இருந்தபோது அவன் கேட்டான்: "அண்ணா, கீழே யார் நிக்கிறாங்க?"

கீழே யாரும் இல்லை. இரும்புக்காகத் தோண்டி நிலத்தடிக் குகையைத் திறந்திருந்தேன், படிக்கட்டு நேராக சாப்பாட்டு அறைக்கு வந்தது. அன்று எதுவும் வரவில்லை. அடுத்த கோடையில் அங்கிருந்துதான் மறக்கப்பட்ட மிருகம் (நிலத்தடியில் வாழும் ராட்சத விலங்கு) ஒன்று ஏறி வந்தது.

அந்தப் பையனுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியும், பள்ளியில் படித்த கதை. 1810 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை, பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த இந்தத் தீவைத் தென்கிழக்கில் கிராண்ட் போர்ட்டில் தாக்கி நான்கு போர்க்கப்பல்களை இழந்தது. பாரிஸில் வெற்றி வளைவிலேயே அந்தப் போரின் பெயர் இருக்கிறது. வடக்கே பவளத்திட்டுகள் பெரிய படையை உள்ளே விடாது என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பியிருந்தார்கள். பிரிட்டிஷார் அந்தப் பக்கமே வழி கண்டுபிடித்து நவம்பர் 29 அன்று கிராண்ட் பே பகுதியில் இறங்கினார்கள். அந்தப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். டிசம்பர் 3 அன்று தீவு சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தென்கிழக்கில் ஜெயித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

எனவே, ஸ்குவாட்களை மொத்தமாக ஒரு வாசலில் குவிக்காதீர்கள். குகைப் படிக்கட்டின் தலையில் ஒரு கதவு, ஒரு சிறு பாரக்ஸ், எப்போதும் ஒரு மூவர் ஸ்குவாட். மேலே போர் நடந்தாலும் அவர்களை நகர்த்த வேண்டாம். முடிந்தால் அங்கே ஈட்டிக்காரர்களை வையுங்கள், பெரிய உடம்புக்குள் ஆழமாக இறங்கும் ஆயுதம் அதுதான்.

பொதுமக்கள் விஷயமும் படை விஷயம்தான். இங்கே புயல் எச்சரிக்கை எண்களில் வரும். மூன்று என்றால் கடை, அலுவலகம் எல்லாம் மூடி எல்லோரும் வீட்டுக்குள். கோட்டைக்குள்ளும் அப்படி ஒன்று வேண்டும். உணவும் மதுவும் படுக்கையும் உள்ள பகுதியை ஒரு பரோவாக, அதாவது ஆட்கள் தாண்டிப் போகக்கூடாத எல்லையாகக் குறித்து, பொதுமக்களை அதில் சேர்த்து, முற்றுகை வரும்வரை இடைநிறுத்தி வையுங்கள். முற்றுகை வந்ததும் அதை மறுபடி இயக்கினால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வெளியே கிடக்கும் ஒரு காலுறையை எடுக்கப் போய் ஒருவர் சாவார், அவரைக் காப்பாற்ற உங்கள் வீரர்கள் வரிசை கலைவார்கள்.

மருத்துவமனை இல்லாமல் முற்றுகைக்குப் போகாதீர்கள். கிணறு, சோப்பு, நூல், துணி, தலைமை மருத்துவர், இவ்வளவும் முன்கூட்டியே வேண்டும். சோப்பு இல்லாமல் தைத்த காயம் சீழ் பிடித்து, சண்டையில் பிழைத்தவன் ஒரு மாதம் கழித்துச் சாவதைப் பார்ப்பது கொடுமை. மாயேபூரில் ஒரு பழைய வீடு இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். கிராண்ட் போர்ட் போரில் காயம்பட்ட இரு தரப்புத் தளபதிகளுக்கும் அதே வீட்டில்தான் சிகிச்சை நடந்தது. அந்த அறைகளில் நடந்த பிறகுதான் என் கோட்டையில் மருத்துவமனையை வாசலுக்குப் பக்கத்தில் கட்ட ஆரம்பித்தேன்.

நீங்கள் சேவ் செய்து வைத்திருக்கும் கேமில் மிச்சம் இருக்கும் இருவரைப் படையிலிருந்து நீக்காதீர்கள். முற்றுகையில் பிழைத்தவர்கள், அவர்கள்தான் உங்கள் ஆசிரியர்கள். ஆளுக்கு ஒரு ஸ்குவாடில் கேப்டனாக்கி, இரண்டிரண்டு புதியவர்களைக் கொடுங்கள். குகைப் பக்கம் திறந்திருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.