பிறருக்கு உதவச் சொல்லும் உள்மனக் குரலை நம்பலாமா?

"யாருக்காவது உதவ வேண்டும் என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது, அது உண்மையான வழிகாட்டலா, நல்லவன் என்று பெயரெடுக்கும் ஆசையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் குரல் முதலில் யாரைத் திருத்தச் சொல்கிறது என்று பாருங்கள். ஊரைத் திருத்தச் சொன்னால் சற்றுப் பொறுக்கலாம். உங்கள் கையே செய்துகொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தச் சொன்னால், அதற்குக் காது கொடுப்பது நல்லது. ஜான் வூல்மன் என்பவரின் வாழ்க்கையைப் படித்த பிறகே நான் இந்த முடிவுக்கு வந்தேன்.

வூல்மன் 1720-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பாதிரியார் இல்லாமல் ஒன்றுகூடி மௌனமாக அமர்ந்து, ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருப்பதாக அவர்கள் நம்பும் உள்ளொளிக்காகக் காத்திருப்பது அப்பிரிவினரின் பாரம்பரிய வழிபாட்டு முறை. இளம் வயதில் அவர் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது, முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரம் எழுதித் தரும்படி சொன்னார். வாங்கியவர் அங்கேயே காத்திருந்தார். அவரும் ஒரு குவேக்கர், வயதானவர். வூல்மன் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் மனம் கேட்காமல், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்குப் பொருந்தாது என்று தாம் நம்புவதாக அந்த இருவர் முன்னிலையிலேயே சொன்னார்.

பின்னர் நடந்த இன்னொரு நிகழ்ச்சிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பலத்த அடிபட்டுக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அக்கால வைத்திய முறைப்படி இரத்தம் எடுப்பதற்காக வூல்மனை அழைத்தார். அது முடிந்ததும், தம் உயிலையும் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். தம்மிடமிருந்த இளம் அடிமைப் பெண் எந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்பதும் அவர் சொன்னவற்றில் ஒன்று. வூல்மன் மற்ற எல்லாவற்றையும் எழுதி, அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு, படுக்கையருகே சென்று படித்துக் காட்டினார். ஒரு மனிதரை அடிமையாக்கும் எழுத்தைத் தம்மால் மனம் வருந்தாமல் எழுத முடியாது என்றும், எழுதியவரைக்கும் கூலி வேண்டாம் என்றும் இணக்கமாகவே சொன்னார். இருவரும் அதைப் பற்றி ஆழமாகப் பேசினார்கள். முடிவில் அந்த மனிதர் அப்பெண்ணை விடுதலை செய்ய ஒப்புக்கொண்ட பிறகே வூல்மன் உயிலை முடித்துக் கொடுத்தார். அவர் போதனை செய்யவும் இல்லை, வலியில் இருந்தவரைக் கைவிடவும் இல்லை. தம் பேனாவை மட்டும் அந்தக் காரியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அதனால் ஒரு பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது.

1757-இல் தென்பகுதிகளுக்குப் பயணம் செய்தபோது, அடிமைகள் உள்ள வீடுகளில் இலவசமாகத் தங்குவது அவருக்கு உறுத்தியது. எனவே சிறு வெள்ளி நாணயங்களைச் சேர்த்து எடுத்துச்சென்று, அந்த வீட்டு அடிமைகளுக்குச் சேரும்படி கொடுத்தார். உபசரித்தவரின் முகத்துக்கு நேரே இதைச் செய்வது எவ்வளவு சங்கடமான காரியம் என்பது விருந்துக்குப் போய்வரும் எவருக்கும் புரியும்.

எங்கள் குடியிருப்பில், நாம் வெளியூர் போயிருக்கும் நாட்களுக்கு வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம். வேலைக்கு வரும் அக்காவின் மகனுக்குப் படிப்பு விஷயத்தில் வழிகாட்ட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆர்வம் இருந்தது. ஆனால் உள்ளே உறுத்தியது என்னவோ அந்தச் சம்பளப் பிடித்தம்தான். முழுச் சம்பளம் தருகிறோம் என்று சொல்லி, வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டபோது, "ஒண்ணாந்தேதியே குடுத்துடுங்க சார், அஞ்சாந்தேதி சீட்டுக்குக் கட்டணும்" என்றார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்மனம் திசையைக் காட்டலாம். தேவை என்ன என்பதைச் சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வூல்மன் தமக்குத் தோன்றியவுடன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. உள்ளே எழுந்த தூண்டுதலை முதலில் தம் ஊர்ச் சபையின் முன் வைத்து, அவர்களுடைய இசைவுக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டே நெடும்பயணம் போனார். அதுவே அப்பிரிவினரின் நடைமுறை. உள்ளொளி தனக்கு மட்டும் தெரிவது என்று நினைப்பவன் எளிதில் தன்னையே ஏமாற்றிக்கொள்வான் என்பதால், அந்த ஏற்பாடு அறிவுள்ளது என்றே எனக்குப் படுகிறது. பலன் மெல்லத்தான் வந்தது. 1758-இல் அப்பகுதிக் குவேக்கர்களின் பொதுச் சபையான பிலடெல்பியா ஆண்டுச் சபை, அடிமை வைத்திருந்த தன் உறுப்பினர்களைச் சந்தித்துப் பேச ஒரு குழுவை அமைத்தது. அதில் வூல்மனும் இருந்தார். உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று அச்சபை 1776-இல் தடை விதித்தபோது, அவர் இங்கிலாந்தில் பெரியம்மை கண்டு இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உங்களுக்குச் சபை இல்லாமல் இருக்கலாம். உங்களிடம் "வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒருவரிடம் பேசுங்கள். நீங்கள் யாருக்கு உதவ நினைக்கிறீர்களோ அவரிடமும் கேளுங்கள். சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அவர் பக்கத்தில் இருங்கள்.